டாக்டர் என் பக்கத்தில் உட்கார்ந்தார்

ஆண்டவர் எனக்குச் செய்ததைச் சொல்லாமல் வைத்திருக்க என்னால் முடியவில்லை. நொச்சிக்குப்பத்து ரோட்டோரத்தில் மீன் விற்கிறவள் நான். அப்போதெல்லாம் பேரம் பேசாமல் எனக்கு ஜெபம்கூட வராது.

போன மழைக்காலத்தில் ஒரு விடியற்காலை, படகைக் கரையேற்றிக்கொண்டிருந்த என் கணவர் அந்தோணி நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மணலில் சாய்ந்தார். அடையாறில் ஓர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய் கிழிந்துவிட்டதாம். உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் பிழைக்கமாட்டார், செய்தாலும் உறுதியில்லை என்றார்கள்.

அந்தக் குழாயை மாற்றித் தைக்கும் வேலையை நம் ஊரில் முதலில் துணிந்து செய்தவரே வரப்போகிறார் என்றார்கள். வயதானவர். அன்று காலையே வந்துவிட்டார். உள்ளே போகும்முன் என்னிடம் நின்று, "முடிஞ்சதும் நானே வந்து சொல்றேம்மா. வேற யாரையும் அனுப்பமாட்டேன்" என்றார்.

ஹாலில் என்னோடு காத்திருந்தவர் ஒரு தி.நகர் அம்மா. தம்பிக்காகப் பல நாளாக அங்கே இருந்தவர். அவர்தான் டாக்டரின் வழக்கத்தைச் சொன்னார். ஆரம்ப காலத்தில் அவர் ஆபரேஷன் செய்த ஒரு சின்னப் பெண் இறந்துபோனாளாம். அவள் அம்மாவிடம் நின்றபடியே விஷயத்தைச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா அப்படியே தரையில் விழுந்துவிட்டாளாம். அன்றிலிருந்து கெட்ட செய்தி என்றால் பக்கத்தில் உட்கார்ந்துதான் சொல்வாராம்.

"நின்னுட்டே பேசினார்னா பயமில்ல. முந்தாநாள் டாக்டர் ஒரு வேளச்சேரிக்காரர் பக்கத்துல போய் உக்காந்தார். பாவம், அந்த மனுஷன்…" என்று நிறுத்திக்கொண்டார்.

நான் முதலில் பேரம் பேசினேன். வேளாங்கண்ணிக்கு நடந்தே வருகிறேன், மொட்டை போடுகிறேன் என்றேன். பிறகு சண்டை போட்டேன். "இன்னா ஆண்டவரே, உன் கூட இருந்தவங்களே மீன் புடிக்கிறவங்கதானே. எங்கள உனுக்குத் தெரியாதா?" என்று கேட்டேன். சாயங்காலம் ஆனது. கொடுப்பதற்கு என்னிடம் ஒன்றும் மிச்சமில்லை. "எனுக்கு அவரு வோணும்" என்று மட்டும் அழுதேன்.

கதவு திறந்தது. டாக்டர் நேராக என்னிடம் வந்தார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். தாலியைப் பிடித்துக்கொண்டு "இயேசப்பா!" என்று கத்தினேன். தி.நகர் அம்மா முகத்தை மூடிக்கொண்டார்.

டாக்டர் பதறிப்போனார். "ஐயோ, அழாதேம்மா! உன் வீட்டுக்காரர் பொழைச்சிட்டார். காலையிலேருந்து நின்னது, என் கால் தாங்கல. அதான் உக்காந்தேன்."

"நெஜமாவா நைனா?" என்று அவர் முழங்காலைப் பிடித்தேன். அது நடுங்கிக்கொண்டிருந்தது. என் ஜெபத்துக்கான பதில் அன்று முழுக்க அந்தக் கால்களில்தான் நின்றிருக்கிறது. நன்றி ஆண்டவரே என்று வாய் ஓயாமல் சொன்னேன்.

இப்போது அந்தோணி கடலுக்குப் போவதில்லை. கரையில் வலை பின்னுகிறார், குழம்பில் உப்பு குறைந்தால் சண்டைக்கு வருகிறார். வரட்டும். நான் ஞாயிறு பூசை முடிந்ததும் அந்த ஹாலுக்குப் போய், தனியாகக் காத்திருப்பவர்கள் பக்கத்தில் உட்காருகிறேன். பேரமெல்லாம் மீன் கூடையோடு சரி, ஜெபத்தில் விட்டுவிட்டேன்.

வேளச்சேரிக்காரரும் ஜெபித்திருப்பாரே என்று கேட்பீர்கள். எனக்கு அதற்குப் பதில் தெரியாது. அவருக்காகவும் தினமும் வேண்டிக்கொள்கிறேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். அந்தக் கதவுக்கு வெளியே நீங்கள் இருக்கும் நாள் வந்தால், டாக்டர் உட்காருவதைப் பார்த்தே என்னைப் போலக் கத்திவிடாதீர்கள். அவர் வாயைத் திறக்கும்வரை ஆண்டவரை விடாமல் பிடித்துக்கொள்ளுங்கள்.