மாமனாரோடு பேசாதவள்

ஆர்வில்லாவைப் பற்றி ஊரில் யாரைக் கேட்டாலும் முதலில் அவள் வாயைப் பற்றித்தான் சொல்வார்கள். கறிக்கடைக்காரன் முதல் மாதா கோயில் பாதிரியார் வரை அந்த வாயிடம் வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர் குவாப்பா ஊரில் கிடையாது. ஸ்பிரிங் ஆற்றங்கரையில் பிறந்தவள். வாழ்க்கைப்பட்ட வீடு ஈயச் சுரங்கங்களை ஒட்டி இருந்தது. கொல்லைக் கதவைத் திறந்தால் சுரங்கத்திலிருந்து அள்ளிக் கொட்டிய சரளைக் குன்றுதான் கண்ணுக்குத் தெரியும். புருஷன் லைமன் அந்தச் சுரங்கத்துக்குள்ளேயே மேல்பாறை சரிந்து செத்தான். அவள் பிறந்த வீட்டுக்குத் திரும்பவில்லை. மாமனார் அல்ஃபான்ஸுக்கு ஆக்கிப் போட்டுக்கொண்டு அங்கேயே இருந்துவிட்டாள்.

இப்பேர்ப்பட்ட வாயாடி, அதே வீட்டில் அந்த மாமனாரோடு நேருக்கு நேர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அவரும் பேசியதில்லை. சண்டையா என்றால், சேச்சே! மரியாதை. மாமனார் முகத்தைப் பார்த்து மருமகள் பேசக்கூடாது, மருமகளைப் பார்த்து மாமனார் பேசக்கூடாது. ஊருக்கே பேர் கொடுத்த பூர்வகுடிகளான குவாப்பா ஜனங்களின் பழைய குடும்பங்களில் அப்படித்தான் வளர்த்தார்கள். லைமன் இருந்தவரை நடுவில் அவன் இருந்தான். அவன் போன பிறகு அடுப்பு இருந்தது.

"ஏ அடுப்பே, காப்பிய இன்னிக்கு இப்படிக் கரியாக்கி வச்சிருக்கியே, யாரு மேல உனக்குக் கோவம்?" என்பார் கிழவர், அடுப்பைப் பார்த்து.

"அடுப்பே, மணிக்கணக்கா உம்மேலயே காய விட்டுட்டு அப்புறம் குத்தம் சொல்றவங்களுக்கு நாளைக்கு வெறும் சுடுதண்ணிதான்னு சொல்லி வை" என்பாள் அவள், முதுகைக் காட்டியபடி.

கிழவர் மீசைக்குள் சிரித்துக்கொள்வார். இதெல்லாம் குவாப்பா பேச்சில் நடக்கும். வெளியே போனால் எல்லோருக்கும் இங்கிலீஷ்தான். பழைய பேச்சைப் பேசியவர்கள் ஒவ்வொருவராகக் கல்லறைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, அந்தச் சுற்றுவட்டாரத்தில் அது முழுசாக வாயில் இருந்தது இந்த இரண்டு பேருக்குத்தான். அந்த இரண்டு பேரும் ஒருவரோடொருவர் பேசக் கூடாதவர்களாகப் போய்விட்டார்கள். என்ன கொடுமை பாருங்கள்!

மார்ச் மாதத்தில் ஒரு காலை, உருளைக்கிழங்கு நடக் கொத்திக்கொண்டிருந்த அல்ஃபான்ஸ் அப்படியே மண்ணில் சாய்ந்தார். வலது கையும் காலும் விழுந்துவிட்டன. ஆஸ்பத்திரியில் கண் விழித்தபோது இங்கிலீஷ் மொத்தமும் அவரை விட்டுப் போயிருந்தது. பிறந்தபோது கேட்ட பேச்சு மட்டும் மிச்சம். தண்ணீர் வேண்டும் என்று நர்ஸிடம் கேட்டார். அவள் புரியாமல் தலையாட்டிவிட்டுப் போனாள். மறுபடியும் கேட்டார், கத்தினார், கடைசியில் இடது கையால் தட்டை எடுத்து வீசினார். அந்தக் கையையும் கட்டிலோடு சேர்த்துக் கட்டிவிட்டார்கள்.

சோளக் கஞ்சித் தூக்கோடு போன ஆர்வில்லா இதைப் பார்த்தாள். வாசற்படியிலேயே டாக்டர் மறித்தார்.

"பெரியவருக்கு மூளை கலங்கிப் போச்சும்மா. ராத்திரி பகலா ஒரே உளறல். வெள்ளிக்கிழமை மனநோய் ஆஸ்பத்திரிக்கு அனுப்பறோம். இனிமே அங்கதான்."

"உளறலா? யோவ், அது எங்க பேச்சுய்யா! தண்ணி தண்ணின்னு நாக்கு வறண்டு கத்துறாரு, நீங்க கையக் கட்டிப் போட்டு வச்சிருக்கீங்க! அவர நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"நீங்க மகளா?"

"மருமக."

"உங்க வீட்டுக்காரர் எங்க?"

"செத்துட்டாரு."

"அப்ப அவரைக் கேட்டு வாங்கிட்டுப் போக உங்களுக்கு உரிமை இல்லைம்மா. ஆனா ஒண்ணு. அவருக்குப் புத்தி தெளிவா இருக்குன்னு தெரிஞ்சா நானே வீட்டுக்கு அனுப்பிடுவேன். உங்க பேச்சுலயே கேளுங்க. எங்க இருக்காரு, இது என்ன மாசம். பதில் சொல்லட்டும், போதும்."

டாக்டர் கெட்டவர் இல்லை. அவருக்குத் தெரிந்த வழியில் ஒரு வழி விட்டார். ஆனால் மனநோய் ஆஸ்பத்திரியில் அடைத்தால் கிழவர் கட்டிலோடு கட்டுண்டு, ஒரு வாய்த் தண்ணீர் கேட்கப் பாஷை இல்லாமல் சாவார். மரியாதையாவது மண்ணாங்கட்டியாவது என்று ஆர்வில்லா கட்டிலருகே போய், அவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"மாமா, இது என்ன மாசம்? நீங்க எங்க இருக்கீங்க? சொல்லுங்க மாமா."

அல்ஃபான்ஸின் முகம் சுருங்கியது. கண்ணை இறுக மூடி, தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். எத்தனை தரம் கேட்டும் அசையவில்லை.

"பார்த்தீங்களா?" என்றார் டாக்டர்.

புத்தி இருந்ததால்தான் அவர் திரும்பிக்கொண்டார். பிசகிப் போயிருந்தால் மரியாதை மறந்து வாய்க்கு வந்ததைப் பேசியிருப்பார். ஆர்வில்லாவுக்குத் தன்மேலேயே ஆத்திரமாக வந்தது. அவசரப்பட்டுக் காரியத்தைக் கெடுத்துவிட்டோமே என்று தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள்.

"ஏ ஜன்னலே, இந்தப் பெரிய மனுஷன்கிட்ட இது என்ன மாசம்னு கேளு. எங்க இருக்கோம்னும் கேளு. தெரியாட்டி இவங்க பைத்தியக்காரங்களோட அடைச்சிடுவாங்களாம்."

கட்டிலில் அசைவு கேட்டது. கிழவரும் ஜன்னலைப் பார்த்துத் திரும்பினார்.

"ஜன்னலே, மார்ச் முடியப் போகுது, உருளைக்கிழங்க நட விடாம என்னை ஆஸ்பத்திரியில கட்டிப் போட்டிருக்கானே, பைத்தியம் யாருக்குன்னு அந்த டாக்டரக் கேளு!"

ஆர்வில்லாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாய்ப் பொங்கின. "சொல்லிட்டாரு! மார்ச்சுனு சொல்லிட்டாரு! ஆஸ்பத்திரின்னும் சொல்லிட்டாரு!" என்று கத்தினாள்.

டாக்டர் அவளையும் கிழவரையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், இருவரும் கண்ணாடியோடு பேசுவதைத்தான் அவர் கண்டார்.

"அம்மா, நான் கேட்ட மாசத்தைக் கூட அவர் உங்களப் பார்த்துச் சொல்லலையே. ஜன்னல்கிட்ட பேசறாரு. நீங்களும் அதுகிட்டதான் பேசறீங்க." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வீட்டுக்குப் போய்க் கொஞ்சம் தூங்குங்க."

அவள் மாமனார், மருமகள், மரியாதை என்று என்னென்னவோ சொன்னாள். கெஞ்சினாள், திட்டினாள். திட்டத் திட்ட டாக்டரின் முகத்தில் இரக்கம்தான் கூடிக்கொண்டே போனது. கிழவரின் கையை அவிழ்த்துத் தண்ணீர் கொடுக்க வைத்ததுதான் அவளால் அன்று ஆனது.

வெள்ளிக்கிழமை ஆர்வில்லா போனபோது வண்டி வாசலில் நின்றது. டாக்டர் அன்று ஊரில் இல்லை. கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டுப் போயிருந்தார். இரண்டு ஆட்கள் அல்ஃபான்ஸைத் தள்ளுகட்டிலில் கொண்டுவந்தார்கள். அவள் வழக்கம்போல ஒதுங்கித் தலையைக் குனிந்து நின்றாள்.

தள்ளுகட்டில் அவளைத் தாண்டும்போது கிழவரின் இடது கை நீண்டு அவள் முழங்கையைப் பிடித்தது. நிமிர்ந்தாள். அவர் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மகளே," என்றார். "நம்ம ரெண்டு பேருக்கும் இடையில மரியாதை நெறைய பாத்தாச்சு. போதும். இனி நேராப் பேசு. நீ என்னைப் பார்த்துப் பேசறத நான் கேக்கணும்."

சொல்வதற்கு அவளிடம் இல்லாததா? லைமனைப் புதைத்த அன்று, வாசலில் உட்கார்ந்து அவர் வாய்விட்டு அழுததைத் தான் கேட்டதைச் சொல்ல வேண்டும். அவருக்காகத்தான் பிறந்த வீட்டுக்குப் போகவில்லை என்று சொல்ல வேண்டும். பெற்ற அப்பனிடம்கூட இவ்வளவு பாசம் வைத்ததில்லை என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தாள். ஊரையே வாங்கு வாங்கென்று வாங்கிய அந்த வாயிலிருந்து காற்றுகூட வரவில்லை.

"பெருசு மறுபடியும் புலம்ப ஆரம்பிச்சிருச்சு" என்றான் தள்ளியவன். "நேரமாச்சும்மா, கொஞ்சம் வழி விடுங்க."

கையைப் பிரித்து எடுத்து அவரை உள்ளே ஏற்றினார்கள். கதவைச் சாத்தினார்கள். வண்டி தெருமுனை திரும்பிய பிறகுதான் ஆர்வில்லாவுக்குப் பேச்சு வந்தது. வெட்டவெளியில் நின்று, மாமா மாமா என்று, எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னாள். படியில் நின்ற நர்ஸ் ஒரு வார்த்தை புரியாமல் பார்த்துக்கொண்டிருந்தாள். அது புரிந்திருக்கக்கூடிய ஒரே மனிதர் அந்த வண்டியில் போய்க்கொண்டிருந்தார்.