எல்லாப் பாடத்திலும் அன்னாசி

ஆண்டுத் தொடக்கத்தில் ஒரு தாய் என்னிடம் ஒரே ஒரு வேலையை ஒப்படைத்துவிட்டுப் போனார். செனாய் ஊர்த் தொழிற்சாலை ஒன்றில் ஷிப்ட் வேலை பார்க்கிறவர். மகள் என் நாலாம் ஆண்டு வகுப்புக்கு வந்திருந்தாள்.

"டீச்சர், வீட்டுல இவ வாய் ஓயாது. அவங்கப்பாவ கேள்வி கேட்டே கொன்னுருவா. இங்க வந்தா மட்டும் ஊமையா உக்காந்திருக்கா. மூணு வருஷமா இப்படித்தான். மார்க்கெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம். நீங்க பேச மட்டும் வச்சிருங்க, போதும்."

"விடுங்கம்மா, நான் பாத்துக்கறேன்" என்றேன். பள்ளிக்கூடம் பிள்ளைகளைப் பேச வைக்கிற இடம் என்று அவருக்கு யார் சொன்னார்களோ தெரியவில்லை. காலையிலிருந்து பத்துத் தடவையாவது நாங்கள் அங்கே கத்துவது "பேசாதே" என்றுதான்.

இருந்தாலும் வாக்குக் கொடுத்தாயிற்று. சில மாதங்களில் அவள் தலையாட்டத் தொடங்கினாள். பிறகு, ஆமா, இல்ல. நான் அவளை அவசரப்படுத்தவில்லை. ஒருநாள் தானாகக் கை தூக்குவாள் என்று காத்திருந்தேன்.

இந்த நேரத்தில்தான் எங்களுக்குப் பயிற்சி தர ஓர் அதிகாரி வந்து சேர்ந்தார். பாடங்களை ஒன்றோடொன்று இணைத்துக் கற்பிப்பது எப்படி என்பது பயிற்சி. கணக்கு தனி, அறிவியல் தனி, தமிழ் தனி என்று நாங்கள் கூறு போட்டு வைத்திருப்பதால்தான் பிள்ளைகளுக்கு எதுவும் மண்டையில் ஏறவில்லையாம். சொன்னதில் தப்பே இல்லை. சொல்லி முடித்துவிட்டுப் பையிலிருந்து மாஜோங் தாளை எடுத்தார். சீனர்கள் மாஜோங் ஆடுகிற மேசையில் விரிக்கிற அந்தப் பெரிய வெள்ளைத் தாள் இல்லாமல் இந்த நாட்டில் ஆசிரியர்களுக்கு எந்தப் பயிலரங்கும் நடந்ததில்லை. குழுவாகப் பிரி, தாளில் வரை, முன்னால் நின்று படி, படம் பிடி, மீகூன் நூடுல்ஸ் சாப்பிடு. இந்த வரிசை மாறினால் எங்களுக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது.

கருப்பொருள் அன்னாசி. பெக்கான் நானாஸ் என்று ஊர்ப் பெயரிலேயே அன்னாசியை வைத்திருக்கும் வட்டாரம் எங்களுடையது. வேறு என்ன தோன்றும்? தாளின் நடுவில் ஓர் அன்னாசி வரைந்தோம். அதிலிருந்து ஏழு பாடங்களுக்கு ஏழு அம்புக்குறி. நன்னெறிக்குப் போன அம்பின் முனையில் 'பகிர்ந்து உண்ணல்' என்று நான் எழுதினேன். உடற்கல்விக்குப் போன அம்பு அரைமணி நேரம் அந்தரத்தில் நின்றது. கடைசியில் 'அன்னாசியைத் தூக்கிக்கொண்டு ஓடுதல்' என்று எழுதி முடித்தோம். அதிகாரி எழுந்து நின்று கைதட்டினார்.

அந்த அரை நாளில் நாங்கள் செய்யாத காரியம் ஒன்று உண்டு. உன் பாடத்தில் என்ன நடத்துகிறாய் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. அறிவியல் டீச்சருக்கும் எனக்கும் ஆசிரியர் அறையில் பக்கத்துப் பக்கத்து மேசை. ஒன்பது வருடமாக நாசி லெமாக் சோற்றைப் பங்குபோட்டுச் சாப்பிடுகிறோம். கூலாய் பக்கத்துச் சாலை நெரிசல், அவர் மகளுக்குச் சிங்கப்பூரில் கிடைத்த வேலை, என் மாமியாரின் மூட்டுவலி எல்லாம் பேசியாயிற்று. பாடத்தைப் பற்றி மட்டும் பேச்சு வராது. கேட்டால் வேவு பார்ப்பதாக நினைத்துக்கொள்வாரோ என்று ஒரு மரியாதை.

மறுவாரம் தலைமையாசிரியை என் மேசைக்கு வந்தார்.

"நாளைக்கு அந்த அதிகாரி உங்க நாலாம் ஆண்டு கணக்கு கிளாஸுக்குத்தான் வராராம் டீச்சர். அன்னாசி இருக்கணும். மானத்த காப்பாத்துங்க லா."

காப்பாற்றினேன். போன ஆண்டுப் பாடத்திட்டத்தைக் கணினியில் திறந்தேன். அதில் ஒரு விவசாயி ஜனவரியில் வெள்ளரி நட்டு, மார்ச்சில் 240 காய் பறித்து, எட்டுக் கூடையில் சமமாக அடுக்கியிருந்தார். வெள்ளரியை அழித்துவிட்டு அன்னாசி என்று போட்டேன். பாடத்தை இணைத்தாயிற்று. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

மறுநாள் அதிகாரி பிள்ளைகள் உட்காரும் நாற்காலி ஒன்றில் உடம்பைத் திணித்துக்கொண்டு வகுப்பின் பின்னால் உட்கார்ந்தார். மடியில் ஐபேட். நான் கணக்கைப் பலகையில் எழுதிவிட்டுத் திரும்பினேன். அந்தப் பெண் கை தூக்கியிருந்தாள்.

யாரும் கூப்பிடாமல், அவளாகவே. "சொல்லும்மா" என்றேன்.

"டீச்சர், ஜனவரில நட்டா மார்ச்சுல அன்னாசி பறிக்க முடியாது. ஒரு வருஷத்துக்கு மேல ஆகும். இப்பதான் அறிவியல்ல படிச்சோம். எங்கப்பா அன்னாசித் தோட்டத்துலதான் வேல செய்யறாரு, அவருகிட்டயும் கேட்டேன். கணக்கு தப்பு டீச்சர்."

பின்வரிசையில் யாரோ ஐயையோ என்கிற மாதிரி "அலமாக்" என்றார்கள். நான் அதிகாரியைப் பார்த்தேன். அவர் ஐபேடிலிருந்து தலையை உயர்த்தினார். அந்த ஒரு நொடியில் என் நினைவில் அந்தத் தாயும் இல்லை, மகளும் இல்லை. தப்பான கணக்கோடு மாட்டிக்கொண்ட நான் மட்டும்தான் இருந்தேன்.

"இது கணக்கு பீரியட்மா. அதெல்லாம் அறிவியல் பீரியட்ல கேளு. இப்ப விடைய மட்டும் சொல்லு."

அவள் உட்கார்ந்தாள். வேறொரு பிள்ளை முப்பது என்றது. சரி என்று நான் வட்டம் போட்டேன்.

பாடம் முடிந்ததும் அதிகாரி என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "பாகுஸ், ரொம்ப நல்லா இருந்துச்சு டீச்சர்! அறிவியலும் கணக்கும் அழகா லிங்க் ஆகுது. அந்த ஒரு புள்ளதான் நடுவுல கொஞ்சம் ஃபோக்கஸ் விட்டுருச்சு. பரவால்ல, நீங்க நல்லா சமாளிச்சிட்டீங்க." எனக்கு எல்லாக் கட்டத்திலும் முழுப் புள்ளி. அவரோடு நான் சிரித்துக்கொண்டு நிற்கும் படத்தைத் தலைமையாசிரியை பள்ளி வாட்ஸ்அப் குழுவில் போட்டார். கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள். படிப்பது ராமாயணம், இடிப்பது பெருமாள் கோயில் என்று ஒருவராவது எழுதியிருந்தால் அவர் காலில் விழுந்திருப்பேன்.

வீட்டுக்குக் காரோட்டிப் போகும்போது உடம்பெல்லாம் கூசியது. ஒரு பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் மொத்தமும் கூடி, அம்பு போட்டு, மீகூன் தின்று செய்ய முடியாததை ஒரு சிறுமி எழுந்து நின்று செய்தாள். அறிவியலைக் கணக்குக்குக் கொண்டு வந்தாள், தோட்டத்தையும் கூடவே கொண்டு வந்தாள். நான் அவளை உட்கார வைத்துவிட்டேன். அதிகாரி மேல் கோபப்பட்டுப் பார்த்தேன். அது பத்து நிமிடம்கூட நிற்கவில்லை.

மறுநாள் வகுப்பில் நுழைந்ததும் முதல் வேலையாக அவளை எழுப்பினேன்.

"நேத்து நீ சொன்னதுதான் சரி. டீச்சர்தான் தப்பா எழுதிட்டேன். நேத்து என்ன சொன்னியோ அத இன்னொரு தடவ எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லும்மா."

எழுந்து நின்றாள். என்னைப் பார்த்தாள். திரும்பி, பின்னால் அதிகாரி உட்கார்ந்திருந்த நாற்காலி காலியாகக் கிடந்ததைப் பார்த்தாள்.

"முப்பது டீச்சர்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டாள்.