பன்னீர்செல்வம் வார்த்த பெரியவர்

நிலக்கரி மைன்ஸில் கரண்ட் கேபிள் அறுந்தால் பன்னீர்செல்வத்தைத்தான் தேடுவார்கள். பதினாறு வருஷமாக கேபிள் ஜாயிண்டர், இன்னமும் கான்ட்ராக்ட்தான். அறுந்த இரண்டு முனைகளையும் சேர்த்து, சுற்றிலும் அச்சுக் கூட்டை மாட்டி, ரெசினையும் ஹார்ட்னரையும் கலந்து ஒரு குமிழி விழாமல் உள்ளே ஊற்றுவான். அது கல்லாக இறுகிவிடும். மற்றபடி கேட்ட கேள்விக்குக்கூட முழுசாகப் பதில் சொல்லாத ஆள்.

அப்பேர்ப்பட்டவனுக்கு ஒரு பைத்தியம் பிடித்தது. 2013இல் ஒரு மழை நாள். வேலை நின்றுபோய் ஷெட்டில் முடங்கிக் கிடந்தபோது, கூட வேலை பார்க்கும் வேலுமணி தன் போனில் ஒரு ஜப்பான் கார்ட்டூன் படத்தை ஓட்டினான். பேச்சு ஒரு எழுத்தும் புரியவில்லை. படத்திலும் மழை பெய்தது. கம்பத்துக்குக் கம்பம் போகிற மின்கம்பி நனைந்து தொங்கியது. பன்னீர்செல்வம் நிமிர்ந்து உட்கார்ந்தான். கம்பியின் தொய்வு அவ்வளவு சரியாக இருந்தது. இதை ஒரு மனுஷன் உட்கார்ந்து வரைந்திருக்கிறானே என்று அந்த இடத்தையே திரும்பத் திரும்ப ஓட்டச் சொல்லிப் பார்த்தான்.

படத்தை வரைந்து எடுத்தவரின் பெயர் அவன் வாயில் நுழையவில்லை. ‘பெரியவர்’ என்றே வைத்துக்கொண்டான். அவர் எடுத்த படங்களை ஒன்று விடாமல் தேடிப் பார்த்தான். மனைவி பொற்கொடியைப் பக்கத்தில் உட்கார வைத்தான், அவள் பாதிப் படத்தில் குறட்டை விட்டாள். வேலுமணிக்கோ அடிதடி இருந்தால்தான் படம். நாலு வருஷம் அந்த ஆசையை ஒண்டியாகவே சுமந்துகொண்டு திரிந்தான். மனசுக்குப் பிடித்ததைச் சொல்ல ஆள் இல்லாதது பசியைவிட மோசம்.

2017இல் டவுன்ஷிப் சமுதாயக் கூடத்தில் தொழிலாளர் கைவேலைக் கண்காட்சி என்று நோட்டீஸ் ஒட்டினார்கள். தேதி முடிந்து ஒதுக்கிய ரெசின் டப்பாக்களை சூப்பர்வைசரிடம் கேட்டு வாங்கிவந்தான். போனில் கிடைத்த பெரியவரின் போட்டோவைப் பார்த்துக் களிமண்ணில் உருவம் பிடித்து, பிளாஸ்டரில் அச்செடுத்து ஊற்றினான். இரண்டு தடவை மூக்கில் குமிழி விழுந்தது. மூன்றாம் தடவை பெரியவர் முழுசாக வந்தார். ஒன்றரைச் சாண் உயரம், ஸ்டூலில் உட்கார்ந்த கோலம், கழுத்தில் துண்டு, கையில் பென்சில். கேபிள் ரெசின் கறுப்பு, ஆகவே பெரியவரும் நல்ல கறுப்பு.

“என்னங்க, ஜப்பான்காரருன்னீங்க. பாத்தா குள்ளஞ்சாவடி சந்தைக்கு மாடு புடிக்க வந்தவரு கணக்கா இருக்காரு” என்றாள் பொற்கொடி. பெயர் அட்டை வெறுமையாகக் கிடப்பதைப் பார்த்து, “பேரு எழுதலியா?” என்றாள்.

“எழுத மாட்டேன். ஒருத்தராவது தானா சொல்லணும். இந்த ஊர்ல அவரத் தெரிஞ்ச இன்னொரு ஆளு இருக்காங்களான்னு எனக்குத் தெரிஞ்சாவணும்.”

கண்காட்சி மூன்று நாள். முதல் நாள் வந்தவர்கள் சும்மா போகவில்லை, ஆளுக்கொரு பெயர் வைத்தார்கள். ஒருவர் பழைய யூனியன் தலைவர் என்றார். ரிட்டயரான வாட்ச்மேன் ராயப்பன் நேராக வந்து கைகூப்பினார். “நம்ம பழைய ஜி.எம்.மாச்சே. என்னைய பர்மனென்ட் பண்ண புண்ணியவான்” என்று கண் கலங்கினார். அவரிடம் போய் இல்லை என்று சொல்ல யாருக்கு மனசு வரும்? பன்னீர்செல்வம் தலையை ஆட்டிவைத்தான். கூடத்தைப் பெருக்கும் ஆதிலட்சுமி ஒரு செம்பருத்தியைக் கொண்டுவந்து காலடியில் வைத்துவிட்டுப் போனாள். இரண்டாம் நாளும் இதே கதைதான். அன்று சாயங்காலம் அவன் சோர்ந்தே போனான்.

மூன்றாம் நாள் மத்தியானம் தாஜ் பீவி வந்தார். மேல்பட்டாம்பாக்கத்திலிருந்து வந்து மெயின் பஜாரில் தையல்கடை வைத்திருப்பவர், ஐம்பது வயதிருக்கும். சிலையை முன்னும் பின்னும் பார்த்தார். குனிந்து பார்த்தார்.

“தம்பி, இத செஞ்சது யாரு?”

“நான்தாங்க்கா.”

“தப்பா செஞ்சிருக்கீங்களே. அவரு இடது கையாலதான வரைவாரு? நீங்க சோத்துக் கையில பென்சிலக் குடுத்து வச்சிருக்கீங்க.”

பன்னீர்செல்வம் ஒரு அடி முன்னால் வந்தான். “எவருங்க்கா?”

தாஜ் பீவி அந்தப் பெயரை, நாலு வருஷமாக அவன் வாயில் நுழையாத பெயரை, பிசகில்லாமல் சொன்னார்.

“உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“மெஷின்ல உக்காந்தா போன்ல அவரு படந்தான் ஓடிகினு இருக்கும். ஒருவாட்டி அவரு வரையறதயே காட்டுனாங்க. நானும் இடது கைதான், அதான் கண்ணு அங்கயே போச்சு.”

அவன் உண்மையை ஒப்புக்கொண்டான். போட்டோவில் இடது கை என்று அவனுக்கும் தெரிந்தது. பெரிய மனுஷரை இடது கையால் வேலை செய்ய வைத்தால் மரியாதையாக இருக்காதென்று அவனாகத்தான் மாற்றினான்.

தாஜ் பீவி சிரித்தார். “எங்கம்மாவும் எனக்கு அப்படித்தான் மாத்தப் பாத்தாங்க. மாறலியே. இந்தக் கையாலதான் பாதி டவுன்ஷிப்புக்கு ஜாக்கெட் தச்சிகினு இருக்கேன்.”

அப்புறம் இரண்டு பேரும் பேசினார்கள், பேசினார்கள், அப்படிப் பேசினார்கள். பொற்கொடி வந்தபோது, வாய் திறக்காத தன் புருஷன் கையை ஆட்டி ஆட்டி மழையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“யாராச்சும் சொன்னாங்களா?” என்று கேட்டாள் வீட்டுக்குப் போகும் வழியில்.

“சொன்னாங்க. தப்பா செஞ்சிருக்கேன்னு சொன்னாங்க” என்று சொல்லிவிட்டுச் சிரித்தான். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சிரித்தான். இவ்வளவு சந்தோஷமாகக் குற்றத்தைக் கேட்டுக்கொண்ட ஆளை அவள் பார்த்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாஜ் பீவி அவர்கள் வீட்டுக்கு வந்து, இடது கையில் பென்சிலைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்தார். பன்னீர்செல்வம் அந்தக் கையைப் பார்த்துப் பார்த்துக் களிமண்ணில் பிடித்தான், கத்திரிக்கோல் பட்டுக் காய்த்துப்போன கட்டைவிரல் உட்பட. பழைய கைகளை ரம்பத்தால் அறுத்துவிட்டுப் புதிதாக வார்த்து ஒட்டினான். பெரியவர் இப்போது பஜார் டெய்லரின் கையால்தான் வரைகிறார்.