துரை முன்னால் எழுதிய கட்டுரை

ரப்பர்த் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை தம் தொப்பியைக் கழற்றி, என் மேசையில் அடுக்கியிருந்த கட்டுரை நோட்டுகளின் மேல் வைத்தார். கனத்த வெள்ளைத் தொப்பி. அதற்கு அடியில் இருந்த நோட்டுகளில் ஒன்று ஒரு மனிதரின் வேலைக்கே உலை வைக்கும் என்று எனக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது. முப்பதுகளில் ஒரு சனிக்கிழமைக் காலை, மலாயாவில் சிகாமட் என்ற ஊரில் நான் வாடகைக்கு இருந்த வீட்டின் முன்னறையில் நடந்தது இது. இன்று எனக்கு எண்பது நெருங்குகிறது. அந்தத் தொப்பி இன்னும் நன்றாக நினைவிருக்கிறது.

அப்போது நான் அங்கே ஆங்கிலப் பள்ளியில் ஆசிரியர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து நான்கைந்து வருஷம் ஆகியிருந்தது. சனிக்கிழமைகளில், பள்ளியில் சேராமல் வெளியிலிருந்து, பள்ளி இறுதியான சீனியர் பரீட்சைக்கு அமர்பவர்களுக்கு வீட்டில் ஒவ்வொருவராக ஆங்கிலக் கட்டுரை சொல்லிக்கொடுத்தேன். சீனியர் தேறினால்தான் சிங்கப்பூரில் கல்லூரி வாசலை மிதிக்கலாம். மற்றப் பாடங்களை நெட்டுருப் போட்டே தாண்டியவர்கள் கட்டுரையில் வந்து குப்புற விழுவார்கள். கட்டுரையையும் நெட்டுருப் போடுவதுதான் காரணம். மாதிரிக் கட்டுரைப் புத்தகத்தில் ‘மழை நாள்’ மனப்பாடமாகிவிட்டால் போதும். ரயில் நிலையத்தைப் பற்றி எழுதச் சொன்னாலும் அங்கே மழையைப் பெய்ய வைத்துவிடுவார்கள். ஆகவே நல்ல வாக்கியம் ஒன்றைக் கண்டால், பாராட்டுவதற்கு முன்னால் இது யாருடையது என்று கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. பால்காரர் ஊற்றும் பாலைக்கூட நான் சிவப்பு மையால் திருத்தப் பார்க்கிறேன் என்று என் மனைவி கேலி செய்வாள்.

அப்படி நான் வாராவாரம் சந்தேகப்பட்டவர் ஒரு சின்னக் கிராணி. எட்டு மைலுக்கு அப்பால் இருந்த, கித்தா என்று அங்கே சொல்லும் ரப்பர்த் தோட்டத்து ஆபீசில் இளைய குமாஸ்தா. தாய் ரப்பர் மரத்தில் பால்வெட்டியவர், அவரே கூலிகள் குடியிருக்கும் லயத்தில் பிறந்து வளர்ந்தவர். தோட்டத்து ஆபீஸ் நாற்காலிகளில் பெரும்பாலும் எங்கள் யாழ்ப்பாணத்து ஊர்க்காரர்கள்தாம் உட்கார்ந்திருந்தார்கள், அவை தங்களுக்கே எழுதிவைத்தவை என்றும் நினைத்திருந்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், அதை இப்போது மறைத்து என்ன பயன்? அவர் என்னைவிட நான்கு வயது மூத்தவர். ஆனாலும் நான் அவரை ‘நீர்’ என்பேன். அவர் என்னை ‘நீங்க சார்’ என்பார். அக்காளைப் பார்க்கப் போவதாக ஆபீசில் சொல்லிவிட்டுச் சைக்கிளில் வருவார். கல்லூரிக்குப் போகப் படிக்கிறார் என்று தெரிந்தால் துரை வேலையைவிட்டு எடுத்துவிடுவார். வேலை போனால் தோட்டம் கொடுத்த வீடும் போகும். தாயும் இரண்டு தங்கைகளும் அவரோடு தெருவில் நிற்க வேண்டியதுதான்.

என் சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. மற்றவர்கள் கட்டுரைக்கு மாரடிக்கும்போது இவர் கடிதத்தில்தான் குறியாக இருந்தார், அதிலும் முறையீட்டுக் கடிதம். பரீட்சையில் அப்படி ஒரு கேள்வி வருவதுண்டு. ஊரின் குடிநீரைப் பற்றி ஓர் அதிகாரிக்கு எழுதும் என்று ஒரு வாரம் கொடுத்தேன். சப்பென்று ஒரு கடிதம் எழுதிவந்தார். “இதை யார் நம்புவார்? விவரம் எங்கே?” என்று சிவப்பு மையில் எழுதித் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த வாரம் வந்த கடிதத்தைப் படித்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஆற்று வெள்ளம் மூன்றாம் லயத்துக் கிணற்றுக்குள் புகுந்த நாள், வாந்தியும் பேதியும் கண்ட பிள்ளைகளின் பெயர், புதைக்கப்பட்ட இரண்டு பிள்ளைகளின் வயது, தோட்டத்தில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் ஆபீசுக்கு வந்து சொன்ன தேதிகள், எல்லாம் வரிசையாக இருந்தன.

“உண்மையைச் சொல்லும். இது பயிற்சிக்கு எழுதினதோ, இல்லாட்டி வேறை ஏதுக்குமோ?” என்று கேட்டேன்.

“நீங்கதானே சார் விவரம் கேட்டீங்க,” என்றார்.

முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. எனக்கு உள்ளே உறுத்தியது. ஆனால் மூன்று வருஷம் பாடுபட்ட வாத்தியாருக்குப் பெருமை வந்துவிட்டால் உறுத்தல் எல்லாம் எம்மாத்திரம்? ஐந்தாறு வாக்கியங்களை நானே இறுக்கிச் செப்பனிட்டு, அதுவரை யாருக்கும் கொடுக்காத மார்க்கைப் போட்டேன்.

இரண்டு மாதம் கழித்து, நான் முதலில் சொன்ன சனிக்கிழமை, துரை அந்தக் கடிதத்தின் நகலோடு என் வீட்டுக்கு வந்தார். தொழிலாளர் குறைகளை விசாரிக்கும் அரசாங்க லேபர் அதிகாரிக்குப் போன மொட்டைக் கடிதம்; வேறு யாரோ கையெழுத்தில் பிரதி எடுத்து அனுப்பியிருந்தார்கள். கடைத்தெருவில் மனு எழுதுபவன் ‘ஏழை பங்காளரே’ என்று காலில் விழுந்து எழுதுவான், இது அப்படி இல்லை, இதை எழுதியவனுக்கு யாரோ சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள் என்றார் துரை. நான் படித்தேன். நான் இறுக்கிய வாக்கியங்கள் ஒரு சொல் மாறாமல் அப்படியே இருந்தன. எங்கள் பள்ளியைப் பார்வையிட வரும் அதிகாரியும் இந்தத் துரையும் ஒன்றாக டென்னிஸ் ஆடுபவர்கள். இந்த நடையை நான் அறியேன் என்றேன். சின்னக் கிராணியின் நோட்டைக் கேட்டார். திருத்தியதும் எழுதியவரிடமே கொடுத்துவிடுவேன் என்று, துரையின் தொப்பிக்கு அடியில் அதை வைத்துக்கொண்டே முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன்.

வெளியிலிருந்து எழுதுபவர்கள் பரீட்சைக்கு அமர ஓர் ஆசிரியர் அவர்களைச் சோதித்துத் தகுதிக் கடிதம் கொடுக்க வேண்டும். சின்னக் கிராணியின் சோதனை அன்றைக்குத்தான். அதை என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதும் துரை நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார். தம் முன்னாலேயே எழுதட்டும், தலைப்பைத் தாமே தருவதாகச் சொன்னார். தலைப்பு: ‘நான் வேலை செய்யும் தோட்டம்’.

சின்னக் கிராணி வாசலில் சைக்கிளைச் சாத்திவிட்டு உள்ளே வந்தார். துரையைப் பார்த்தார், அவர் கையில் இருந்த தாளைப் பார்த்தார், தொப்பியைப் பார்த்தார். எச்சரிக்க எனக்கு ஒரு பாஷை இல்லை. துரைக்குத் தோட்டத் தமிழ் தண்ணீர்பட்ட பாடு. “எழுதும்,” என்று மட்டும் சொன்னேன்.

நன்றாக எழுதினால் தகுதிக் கடிதம் கிடைக்கும், கூடவே மொட்டைக் கடிதம் யாருடையது என்பதும் தெரிந்துவிடும். மோசமாக எழுதினால், இவன் எங்கே கல்லூரிக்குப் போகப்போகிறான் என்று துரை விட்டுவிடுவார், வேலையும் வீடும் தப்பும், அந்த வருஷப் பரீட்சை போகும். அவர் பேனாவைத் திறந்தார். பிறகு நிறுத்தாமல் நான்கு பக்கம் எழுதினார். தோட்டத்தில் பறவைகள் இனிமையாகப் பாடுகின்றன. சூரியன் பொன்னைப்போல் உதிக்கிறது. தொழிலாளர் மகிழ்ச்சியோடு உழைக்கிறார்கள். துரை தந்தையைப்போல் காக்கிறார். ஒரு பெயர் இல்லை, ஒரு நாள் இல்லை, ஒரு மரத்துக்குக்கூட அடையாளம் இல்லை. மூன்றாம் பக்கத்தில் மழை பெய்தது. எது எதை எழுதக் கூடாது என்று நான் மூன்று வருஷம் சொன்னேனோ, அது ஒன்றும் விட்டுப்போகவில்லை. அவ்வளவு திறமையான மோசமான கட்டுரையை நான் வேறு எவரிடமும் பார்த்ததில்லை. எனக்கு அழுகை வந்தது, இருமிச் சமாளித்தேன்.

துரை படித்து வாய்விட்டுச் சிரித்தார். இவனாவது மனு எழுதுவதாவது என்றார். என் பாடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொன்னார், அதை இங்கே எழுத மாட்டேன். மார்க்கைத் தம் கண் முன்னால் போடச் சொன்னார். ‘தகுதி போதாது’ என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

மழைக்காலத்துக்குள் லேபர் அதிகாரி தோட்டத்துக்கு வந்துபோனார். மூன்றாம் லயத்துக் கிணற்றை மூடி, மேட்டிலிருந்து குழாய் போட்டார்கள். இப்போது அந்தப் பக்கம் கித்தாவும் இல்லை, லயமும் இல்லை, எண்ணெய்க்குப் போட்ட செம்பனைதான். ஜொகூர் பாருவில் என் பேரப்பிள்ளைகள் குழாயைத் திறந்து தண்ணீர் குடிக்கிறார்கள், யாரிடமும் ஒன்றும் கேட்பதில்லை.

அடுத்த வருஷம் அவர் மறுபடியும் வந்தார். என்னிடம் தகுதிக் கடிதம் கேட்டார். ஒரே வருஷத்தில் எப்படித் தேறினான் என்று துரை கேட்டால் நான் என்ன சொல்வேன்? இன்னும் ஒரு வருஷம் போகட்டும் என்றேன். என் வேலைக்குப் பயந்துதான் சொன்னேன். அது அவருக்கும் புரிந்தது. அந்த இன்னொரு வருஷம் வரவே இல்லை. கடைசிவரை அவர் கிராணியாகவே இருந்தார்.

தகுதிக் கடிதம் கேட்டு வந்த அன்று, போகும்போது வாசலில் நின்று, “ஒண்ணு கேக்கலாமா சார்?” என்றார். “நான் இங்க படிக்க வர்றது எங்க வீட்டுக்கும் உங்களுக்கும்தான் தெரியும். துரைக்கு யாரு சார் சொன்னாங்க?”

“எனக்குத் தெரியாது,” என்றேன்.

எனக்குத் தெரியும். துரை வருவதற்குச் சில வாரங்களுக்கு முன்னால், அந்தத் தோட்டத்துத் தலைமைக் குமாஸ்தாவான பெரிய கிராணியின் வீட்டில் சீட்டாடினோம். எங்கள் ஊர்க்காரர். உங்கள் லயத்துப் பொடியனை நான் லோயருக்கு நிகராகக் கடிதம் எழுத வைத்துவிட்டேன் என்று சிரித்துக்கொண்டே சீட்டைப் போட்டேன். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நான் என் வாயால் இன்னொருவரைக் கெடுத்தேன்.

“சரிங்க சார்,” என்று சொல்லிவிட்டு அவர் சைக்கிளை எடுத்தார். மூன்று வருஷம் நான் அவரை வாராவாரம் சந்தேகப்பட்டேன். அவர் என்னைச் சந்தேகப்பட்டது அந்த ஒரே தடவைதான். அது சரியாகவே இருந்தது.