பெட்டிக்கு ஓர் அட்டை

2006 ஜூன் 14, புதன்கிழமை, காலை ஒன்பது நாற்பது. வானம் மூடியிருந்தது, மழையும் இல்லை, காற்றும் இல்லை. பதினேழு மாடிப்படிகளில் எதிலாவது காலடி கேட்கிறதா என்று நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தேன். கல்லூரியில் பூச்சியியல் கற்பிக்கும் பேராசிரியை பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். என் வண்டுகளை அவர் எடுத்துக்கொண்டால் தப்பிக்கும், இல்லையென்றால் குப்பைக்குப் போகும். சனிக்கிழமை இந்த லாலாகுடா வீட்டைக் காலி செய்துவிட்டு ஊரின் மறுகோடியில் மகன் வாங்கிய மாதாப்பூர் ஃப்ளாட்டுக்குப் போகிறோம். அங்கே செத்த பூச்சிக்கு இடமில்லை என்று மருமகள் சொல்லிவிட்டாள். எதையும் ஒரு முறைதான் சொல்வாள்.

ரயில்வே பணிமனை ஸ்டோரில் முப்பத்தொரு வருடம் வேலை பார்த்தேன். மழைக்காலத்தில் யார்டு விளக்கடியில் வண்டுகள் கொத்துக்கொத்தாக விழும். பொறுக்கினேன், ஊசியில் குத்தினேன், ஸ்டோர் வழக்கப்படி அடுக்கினேன். ஒரே மாதிரி சாமான் ஒரே பெட்டியில். பெட்டிக்கு ஓர் அட்டை. அட்டையில் எங்கிருந்து, எந்தத் தேதியில், எத்தனை வந்தது என்ற வரவும், மொத்த இருப்பும். இருபத்து மூன்று பெட்டி, ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு வண்டு. ஞாயிறுதோறும் எண்ணுவேன்.

பேராசிரியை இருபத்தைந்து நிமிடம் தாமதமாக வந்தார். கோயம்புத்தூர்க்காரர், தமிழிலேயே பேசினார். பொன்வண்டுப் பெட்டியைப் பார்த்துத் தலையசைத்தார். 'கறுப்பு, சிறியது' என்று நான் எழுதிய பெட்டியில் லென்ஸை வைத்தவர், அதில் நான்கு குடும்பங்கள் கலந்திருப்பதாகச் சொன்னார். நிறத்தையும் அளவையும் நம்பக்கூடாதாம். உணர்கொம்பின் நுனியையும் பாதத்தின் கணுக்களையும் பார்த்துத்தான் பிரிக்க வேண்டுமாம். பிறகு கொம்புள்ள காண்டாமிருக வண்டுகள் இருந்த ஏழாம் பெட்டியையும், கொம்பில்லாதவை இருந்த பன்னிரண்டாம் பெட்டியையும் பக்கத்தில் வைத்தார்.

"ரெண்டும் ஒரே இனம், சார். இது ஆண், அது பெண். இத்தனை வருஷமா புருஷன் பெண்டாட்டியைப் பிரிச்சு வச்சிருக்கீங்க."

சாமான் கட்ட லீவு போட்டிருந்த மருமகள் உள்ளே சிரித்தது கேட்டது.

தப்பாகப் பிரித்ததைத் திரும்ப அடுக்கிவிடலாம் என்றார் பேராசிரியை. எனக்கு மூச்சு வந்தது. அப்போது ஏழாம் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, இது எங்கே, எந்தத் தேதியில் கிடைத்தது என்று கேட்டார். அட்டையை நீட்டினேன். யார்டு, நாச்சாரம், ராமச்சந்திராபுரம் என்று ஆறு வரவு, இருப்பு நாற்பத்தொன்று.

"இந்த ஒண்ணு எதுல வந்தது, சார்?"

தெரியவில்லை. ஒரு போல்ட்டைக் காட்டி அது எந்த வரவில் வந்தது என்று ஸ்டோரில் யாரும் கேட்டதில்லை. ஒவ்வொரு வண்டின் ஊசியிலும் அதற்குரிய இடமும் தேதியும் இல்லாவிட்டால் ஆராய்ச்சிக்கு உதவாது என்றார். வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குக் கல்லூரி ஆள் வருவார். இடமும் தேதியும் எழுதிய சீட்டு குத்தியதை மட்டும் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார்.

மதியமே சீட்டு வெட்ட உட்கார்ந்தேன். அட்டையில் நாச்சாரத்திலிருந்து ஆறு வண்டு என்றிருந்தால், ஏதோ ஆறு வண்டுக்கு நாச்சாரம் என்று எழுதிக் குத்தினேன். வியாழன் மதியத்துக்குள் இருநூற்றுப் பன்னிரண்டு ஆகிவிட்டது. பழைய பேப்பர் எடுக்க வந்த மருமகள் நின்று பார்த்தாள்.

"இந்த ஆறுதான்னு எப்படித் தெரியும், மாமா?"

"கணக்கு சரியா வரும்."

"கணக்கு வரும். நிஜமா அங்கேருந்து வந்த வண்டா?"

எரிச்சலாக இருந்தது. அடுத்த சீட்டை வெட்டினேன். வராத சரக்குக்கு வரவு எழுதிய ஒருவர்மேல் ஸ்டோரில் நானே புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அரைமணி கழித்து ஒவ்வொரு சீட்டாகப் பிடுங்கினேன். இரண்டு வண்டுக்குக் கால் உடைந்தது.

ஒரே ஒரு வரவு மட்டும் உள்ள அட்டைகளைத் தேடினேன்; அந்தப் பெட்டியில் எல்லாமே ஒரே இடம், ஒரே தேதி. ஐந்துதான். அந்த ஐந்து பெட்டியில் தொண்ணூற்று நான்கு வண்டு. மருமகளே பொடி எழுத்தில் சீட்டு எழுதினாள், நான் குத்தினேன். வெள்ளி மாலை ஐந்து மணி ஐந்து நிமிடத்துக்கு ஆள் வந்து வாங்கிக்கொண்டு போனார்.

சனிக்கிழமை லாரி வருவதற்கு முன், பன்னிரண்டாம் பெட்டியில் இருந்தவற்றை ஏழாம் பெட்டியில் சேர்த்துக் குத்தினேன். பிறகு மிச்சமிருந்த பதினெட்டுப் பெட்டியையும் கீழே குப்பைத் தொட்டிக்குக் கொண்டுபோனேன். ஆறு நடை ஆயிற்று. கடைசி அட்டையில் எழுதினேன்: இழப்பு, ஆயிரத்து ஐம்பத்திரண்டு.