பருப்பு வேகிற தண்ணீர்

வீடு பார்க்க வருகிறவர்கள் மற்ற ஊர்களில் முதலில் எதைக் கேட்பார்களோ, எனக்குத் தெரியாது. அருப்புக்கோட்டைப் பக்கத்தில் தண்ணீரைத்தான் கேட்பார்கள். பத்திரம், பட்டா, வாசல் எந்தத் திசை என்பதெல்லாம் அதற்கு அப்புறம். விவரமான பெண்கள் ஒரு கை துவரம்பருப்பை முந்தானையில் முடிந்துகொண்டு வந்து, அந்த வீட்டுத் தண்ணீரில் வேகவைத்துக் காட்டச் சொல்வார்கள். உப்புத் தண்ணீரில் பருப்பு வேகாது. எவ்வளவு நேரம் கொதித்தாலும் விறைத்துக்கொண்டு கிடக்கும். பருப்பு மலர்ந்தால்தான் மேற்கொண்டு பேச்சு.

எங்கள் வீடு பந்தல்குடி ரோட்டில், லாரிச் சத்தம் கேட்கிற தூரத்தில் இருக்கிறது. என் வீட்டுக்காரர் சவுதியில் ஊர்ப்பட்ட கட்டடங்களுக்குக் குழாய் வேலை பார்த்துவிட்டுத் திரும்பியவர். சொந்த வீடு கட்டும்போது சும்மா இருப்பாரா? பிளம்பரே வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சுவரில் தானே காடி வெட்டி, தானே பைப் பதித்தார். பூசுவதற்குக் கொத்தனார் வந்து நிற்பார். இன்னும் ஒரு தடவை தண்ணீர் விட்டுக் கசிவு பார்க்க வேண்டும் என்று இவர் திருப்பி அனுப்பிவிடுவார். கடைசியில் கொத்தனார் என்னிடம் வந்து, பாயை ஒரு நாளைக்கு எங்கேயாவது விருந்துக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று கெஞ்சினார். கூட்டிக்கொண்டு போனேன். அன்றைக்குத்தான் சுவர் பூசி முடிந்தது.

பூசுவதற்கு முன்பே, சுவருக்குள் ஓடுகிற குழாயையெல்லாம் படம் எடுத்து வைத்துக்கொண்டார். இன்றுவரை போனுக்குப் போன் மாற்றி அதைக் காப்பாற்றி வருகிறார். பிள்ளைகள் படத்தைக் காட்டுகிற மனிதர்களைப் பார்த்திருக்கிறேன். குழாய் வளைகிற எல்போ படத்தைக் காட்டுகிற மனிதருக்கு வாக்கப்பட்டது என் தலையெழுத்து.

மொட்டைமாடியில் இரண்டு டேங்க். ஒன்றில் போர்த் தண்ணீர். வாயில் வைக்க முடியாத உப்பு, குளிக்கவும் துவைக்கவும் மட்டும்தான். இன்னொன்றில் மழைத் தண்ணீர். இந்தக் கரிசல்காட்டில் பெய்கிற கொஞ்ச மழையையும் மாடியிலிருந்து வடிகட்டித் தரைத்தொட்டியில் சேர்த்து, மோட்டார் போட்டு மேலே ஏற்றுவார். சமையல்கட்டுக் குழாய்க்கு இரண்டிலிருந்தும் லைன் உண்டு, மாடியில் தனித்தனி வால்வு. மழைத் தண்ணீர் தீர்ந்தால் அதை மூடிவிட்டு உப்பைத் திறந்துகொள்ளலாம். அப்படித் திறக்கும் நிலைக்கு அவர் ஒருநாளும் விட்டதில்லை. தெருவில் யாரைப் பார்த்தாலும், "எங்க வீட்டுத் தண்ணியில பருப்பு வெண்ணெயா வேகும்" என்று ஆரம்பித்துவிடுவார்.

போன வருடம் டேங்க் பார்க்கப் போனவர் படியில் சறுக்கி முழங்காலில் அடிபட்டுக்கொண்டார். சென்னையில் இருக்கிற மகன் பதறிப்போய் ஓடிவந்தான். வீட்டை விற்றுவிட்டு இரண்டு பேரும் தன்னோடு வந்துவிட வேண்டும், அதுவரை அத்தா மாடிப்படியில் கால் வைக்கக் கூடாது என்று சத்தியமே வாங்கிவிட்டான். பாசத்தில் சொல்கிற பிள்ளையைக் குற்றம் சொல்ல முடியுமா? இவரும் சரிப்பா என்றார்.

எனக்கு இந்த வீட்டை விட்டுப் போக மனசே இல்லை. வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம். ஆனால் மகன் நடை பழகியதைக்கூடப் பார்க்காமல் சவுதியில் கிடந்த மனிதர் அவர். இப்போதாவது மகனோடு இருக்க ஆசைப்படுகிறாரோ என்னவோ, நான் குறுக்கே நிற்கக் கூடாது என்று வாயைக் கட்டிக்கொண்டேன்.

புரோக்கர் ஆட்களைக் கூட்டி வர ஆரம்பித்தார். வருகிறவர்களுக்கு இவர் வீட்டைக் காட்டமாட்டார், குழாயைத்தான் காட்டுவார். சுவரைத் தட்டி, இங்கே வளைகிறது, இங்கே இறங்குகிறது என்று போன் படத்தோடு விளக்குவார். வந்தவர்கள் ஆளை விட்டால் போதும் என்று ஓடுவார்கள். எனக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான்.

அப்புறம்தான் திருச்சுழிப் பக்கத்திலிருந்து ஓர் அம்மா வந்தார். காடு கரை வைத்திருக்கிற சம்சாரி வீட்டுப் பெண், மகனுக்காக டவுனில் வீடு தேடுகிறார். இவர் சொன்ன வளைவு நெளிவையெல்லாம் பொறுமையாகக் கேட்டார். அந்த ஒருவர்தான் கேட்டார். எனக்குத் திக்கென்றது. நாளைக்குப் பருப்போடு வருகிறேன், வெந்தால் அட்வான்ஸ் என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

மறுநாள் காலையில் துணி காயப்போடுகிற சாக்கில் மாடிக்குப் போனேன். மழைத் தண்ணீர் வால்வை மூடி, உப்பைத் திறந்துவிட வேண்டும். பருப்பு வேகாது, அந்த அம்மா போய்விடும். அவ்வளவுதான் என் திட்டம். பொய்தான், என்ன செய்ய? வால்வில் கை வைத்தேன், திரும்பவில்லை. குனிந்து பார்த்தால் மழைத் தண்ணீர் வால்வு ஏற்கெனவே இறுக மூடியிருந்தது. உப்பு முழுசாகத் திறந்து கிடந்தது.

வீட்டில் இருப்பதே நாங்கள் இரண்டு பேர். சத்தியம் பண்ணிக் கொடுத்த மனிதர், அடிபட்ட காலை இழுத்துக்கொண்டு எப்போது படியேறினாரோ தெரியவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. ஈரத் துணியைக் கொடியில் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவள்போல் இறங்கி வந்தேன்.

அந்த அம்மா சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டார். நான் குக்கரை எடுத்தேன். வேண்டாம், குக்கரில் எந்தத் தண்ணீரிலும் வெந்துவிடும், சட்டியில் போடு என்றார். போட்டேன். கொதித்தது, நுரைத்தது, மறுபடியும் கொதித்தது. என் வீட்டுக்காரர் சமையல்கட்டு வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த அம்மா ஒரு பருப்பை எடுத்து நசுக்கிப் பார்த்தார். நசுங்கவில்லை. கரண்டித் தண்ணீரை நாக்கில் விட்டுப் பார்த்து முகத்தைச் சுளித்தார்.

"எங்க ஊரு உப்புத் தண்ணியில மல்லுக்கட்டியே என் காலம் போச்சு, பாயம்மா. இங்கயும் அதே கததானா?" என்றார்.

பாவமாக இருந்தது. இவருக்கும் மனசு கேட்கவில்லை. கட்டின வீடு வேண்டாம்மா, இடம் வாங்கிக் கட்டுங்க, மாடியில விழுற மழையத் தொட்டியில சேத்தா பருப்பு நல்லா வேகும் என்று யோசனை சொன்னார்.

"ஒங்க வீட்டுலயே வேகலயே பாய்," என்றார் அந்த அம்மா. "பைப்பு போட்டவன் எவனோ, வெவரமில்லாதவன்."

என் வீட்டுக்காரர் தலையை ஆட்டினார்.

"ஆமாம்மா. வெவரமில்லாதவன்தான்."

இத்தனை வருடத்தில் அவர் குழாயை ஒருவர் குறை சொல்லி, அவர் எதிர்த்துப் பேசாமல் நின்றது அன்றைக்குத்தான். அந்த நேரத்தில் அவர்மேல் வந்த பிரியத்தை நான் எங்கே போய்ச் சொல்வேன். வந்தவர் இருக்கிறாரே என்று அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

அந்த அம்மா போனதும் மகனுக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில் போட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"வீட்டு வியாபாரம் முடியலப்பா. தண்ணி சரியில்லன்னு சொல்லிட்டுப் போயிட்டாக."

"நம்ம வீட்டுத் தண்ணியவா?" என்றான் மகன்.

இவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். அந்தப் பக்கம் மகன் மெல்லச் சிரிப்பது ஸ்பீக்கரில் கேட்டது.

"சரி அத்தா," என்றான் அப்புறம். "அங்கேயே இருங்க. நான் லீவுக்கு வாரேன்."