சத்தம் வராத கோர்ட் டிவி

போன வாரம் திருச்சி கோர்ட் வாசலில் நின்றிருந்தேன். கஞ்சி போட்ட சேலைதான். மகன் ஜெயிலில் இருந்தால் நான் ஏன் கசங்கி நிற்க வேண்டும்?

வாய்தா அன்று எங்களைப் போன்றவர்கள் மாடிக்குப் போவதில்லை. போலீஸ் வேன் வந்து நிற்கும் இடத்தில்தான் காத்திருப்போம். இறங்கிப் படியேறும்போதுதானே பிள்ளையைக் கிட்டத்தில் பார்க்கலாம்? ஜெயிலுக்கே போய்ப் பார்த்தாலும், எல்லோரும் கத்துகிற கூச்சலில் ஒன்றும் காதில் ஏறாது.

வேன் வந்தது. யார் யாரோ இறங்கினார்கள். என் ரெங்கன் இறங்கவில்லை.

வக்கீல் தம்பிதான் மாடியிலிருந்து வந்தார்.

"அம்மா, இங்கயா நிக்கிறீங்க? ரெங்கனை ஜெயில்லேருந்தே டிவியில காட்டி முடிச்சிட்டாங்களே."

"என்ன சொன்னான்?"

"வாய் அசைஞ்சுதும்மா. சவுண்ட் வரல. ரிமாண்டை நீட்டிச்சுட்டாங்க."

ரெங்கன் ஸ்ரீரங்கத்தில் ஆட்டோ ஓட்டுகிறவன். ஸ்டாண்டில் நடந்த அடிதடியில் அவன் பெயரையும் சேர்த்துவிட்டார்கள். அந்த நேரம் அவன் என்னைக் கண் டாக்டரிடம் கூட்டிப் போயிருந்தான். அதை ஜட்ஜிடம் தன் வாயாலேயே சொல்ல வேண்டும் என்று துடிக்கிறான். அன்றைக்குச் சொல்லியும் இருப்பான்... யார் காதில் விழுந்தது?

பக்கத்தில் மெஹருன்னிசா நின்றாள். மலைக்கோட்டைப் பக்கத்துக்காரி, தம்பிக்காக வருகிறவள்.

"சீரியல்ல மாமியார் கத்துறது எங்க தெருக்கோடி வரைக்கும் கேக்குதுக்கா. கோர்ட்டு டிவிக்கு மட்டும் தொண்டை கட்டிக்குது" என்றாள்.

சிரித்துவிட்டோம். சிரித்த பிறகும் இருவர் கண்ணும் அந்தக் காலி வேன் மேலேயே இருந்தது.

வக்கீல் ஒரு சேதி சொன்னார். சட்டசபையில் மசோதா ஒன்று கொண்டுவரப் போகிறார்களாம். டிவியில் குரல் கேட்காவிட்டால் ரிமாண்டை நீட்டிக்கக் கூடாது. ஆளை நேரில் கொண்டுவந்து நிறுத்தி, அவன் சொல்வதைக் கேட்ட பிறகுதான் எதுவும்.

"எப்ப தம்பி வரும்?"

"பேச்சுதாம்மா நடக்குது. வரணும்."

எனக்குப் பேப்பரை எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும். இப்போது தினமும் அந்தச் செய்தியைத்தான் தேடுகிறேன். ஒருவன் சொல்வதைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள் — இதற்கே ஒரு சட்டம் போட வேண்டியிருக்கிறது, பாருங்கள்.

ரெங்கன் வீட்டு வாசலில் ஆட்டோவை அணைத்துவிட்டு, இறங்காமலே "அம்மா, என்ன குழம்பு?" என்று கேட்பான். தெருவில் எந்த ஆட்டோ நின்றாலும் என் காது அதற்குத்தான் காத்திருக்கிறது.

மசோதா சீக்கிரம் சட்டமாகட்டும். ஆனதும், தயவுசெய்து... அந்த டிவியை மட்டும் யாரும் ரிப்பேர் செய்துவிடாதீர்கள்.